ஆய்வு முடிவை நம்பலாமா? முதலில் அதன் வடிவமைப்பைப் பாருங்கள்

2020 மார்ச் 20 அன்று பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொடுக்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் 70 சதவீதம் பேரிடம் ஆறாம் நாளில் வைரஸ் இல்லை என்றும், கொடுக்கப்படாதவர்களில் 12.5 சதவீதம் பேரிடம் மட்டுமே இல்லை என்றும் அது சொன்னது. அடுத்த நாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த மருந்தை ட்விட்டரில் புகழ்ந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அமைத்த பணிக்குழு, சுகாதாரப் பணியாளர்கள் அதை முன்தடுப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதே மாதம் பரிந்துரைத்தது. முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் வழக்கமாக அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தவர்கள் அது கிடைக்காமல் கடை கடையாக அலைய வேண்டியிருந்தது.

ஜூன் 5 அன்று பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ‘ரெகவரி’ ஆய்வு வேறு முடிவை அறிவித்தது: மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பயன் இல்லை. பின்னர் வெளியான முழு விவரப்படி, மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் இறந்தவர்கள் 25 சதவீதம். மார்செய் கட்டுரையை 2024 டிசம்பரில் அதை வெளியிட்ட ஆய்விதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

“இன்றைக்கு ஒன்று சொல்கிறார்கள், நாளைக்கு வேறொன்று சொல்கிறார்கள்” என்று பலரும் அப்போது சலித்துக்கொண்டார்கள். அது நியாயமான சலிப்புதான். ஆனால் அங்கே அறிவியல் தன் பேச்சை மாற்றவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி முதல் ஆய்வின் அமைப்புக்கே இல்லை. இரண்டாவது ஆய்வுக்கு இருந்தது. முடிவாக வந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஆய்வு எப்படி அமைக்கப்பட்டது என்று பார்த்திருந்தால் இது மார்ச் மாதமே தெரிந்திருக்கும். அப்படிப் பார்த்துச் சொன்ன ஆய்வாளர்களும் இருந்தார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை.

## அடிப்படையான சில சொற்கள்

நடப்பதை வேடிக்கை பார்த்துக் குறித்துக்கொள்வது சோதனை ஆய்வு ஆகாது. ஆய்வாளர் தானே ஒன்றைச் செய்து, அதனால் என்ன ஆகிறது என்று அளக்க வேண்டும். அவர் செய்வது (மருந்து, தடுப்பூசி, புதிய பாடமுறை) சார்பற்ற மாறி. அதனால் மாறக்கூடியது (இறப்பு, நோய், மதிப்பெண்) சார்ந்த மாறி. செய்யப்பட்டவர்கள் சோதனைக் குழு, செய்யப்படாதவர்கள் கட்டுப்பாட்டுக் குழு.

கட்டுப்பாட்டுக் குழு எதற்கு? ஒருவர் மருந்து சாப்பிட்டுக் குணமானார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடாமல் இருந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்பதைப் பார்க்க வழியே இல்லை. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு நிலையிலும் இருக்க முடியாது. பார்க்க முடியாத அந்தப் பாதிக்கு ஈடாகத்தான் இன்னொரு குழுவை வைக்கிறோம். அந்தக் குழு எல்லா வகையிலும் முதல் குழுவைப் போலவே இருந்தால்தான் அது ஈடாகும். இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாமே அந்த ஒரு நிபந்தனையைச் சுற்றியவைதான்.

ஏற்புடைமை என்ற சொல் இரண்டு விதமாக வரும். நாம் கண்ட மாற்றத்துக்கு நாம் செய்ததுதான் காரணமா, வேறு காரணம் நுழைந்துவிட்டதா என்று கேட்பது அக ஏற்புடைமை. இங்கே, இவர்களிடம் கண்டது வேறு ஊரிலும் வேறு மக்களிடமும் பொருந்துமா என்று கேட்பது புற ஏற்புடைமை. இவற்றைக் குலைக்கக்கூடியவற்றை அச்சுறுத்தல்கள் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் டொனால்ட் கேம்பலும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963-இல் வகுத்துத் தந்த பட்டியலைத்தான் இன்றும் ஆய்வுமுறை வகுப்புகள் அடிப்படையாகக் கொள்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. எந்த வடிவமைப்பு எந்த அச்சுறுத்தலுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று தெரிவதுதான் முக்கியம்.

## வடிவமைப்பை இனங்காண மூன்று கேள்விகள்

1. ஒப்பிட இன்னொரு குழு இருக்கிறதா? இல்லையென்றால் அது ஒற்றைக் குழு வடிவமைப்பு. ‘முன்னோட்டச் சோதனை’ என்ற அளவில்தான் அதை மதிக்க வேண்டும்.

2. யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை எது தீர்மானித்தது? குலுக்கல் என்றால் அது உண்மையான சோதனை. நோயாளியின் விருப்பம், மருத்துவரின் கணிப்பு, வசிக்கும் ஊர், படிக்கும் வகுப்பு என்று வேறு எதுவானாலும் அது அரைச் சோதனை.

3. எப்போது அளந்தார்கள், எத்தனை முறை, அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? முன்சோதனை (நடவடிக்கைக்கு முன் அளப்பது) உண்டா, பின்சோதனை (பின் அளப்பது) மட்டுமா, பல ஆண்டுத் தொடர் அளவீடா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

இரண்டாவது கேள்வியில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். சமவாய்ப்புத் தேர்வு வேறு, சமவாய்ப்பு ஒதுக்கீடு வேறு. மக்கள்தொகையிலிருந்து யாரை ஆய்வுக்குள் கொண்டுவருவது என்று குலுக்கிப் பார்ப்பது தேர்வு; அது புற ஏற்புடைமைக்கு உதவும். உள்ளே வந்தவர்களில் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் பார்ப்பது ஒதுக்கீடு. அது அக ஏற்புடைமைக்கு. “100 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தோம்” என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு அதை உண்மையான சோதனை என்று எழுதினால் விடை தவறு. ஒதுக்கீடு எப்படி நடந்தது என்று அந்த வரி எதுவுமே சொல்லவில்லை.

## ஒற்றைக் குழு, முன்னும் பின்னும்

1955-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலை விபத்துகளில் 324 பேர் இறந்தார்கள். ஆளுநர் ஆபிரகாம் ரிபிகாஃப் வேகக் கட்டுப்பாட்டை மீறுவோரின் உரிமத்தை முடக்கும் கடுமையான நடவடிக்கையைத் தொடங்கினார். 1956-இல் இறப்பு 284 ஆனது. 40 உயிர்கள் காப்பாற்றப்பட்டன, திட்டம் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. ஒரே மாநிலம், நடவடிக்கைக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். ஒற்றைக் குழு முன்சோதனை–பின்சோதனை வடிவமைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அந்த 40-க்கு வேறு என்னென்ன காரணம் இருந்திருக்கலாம்?

1. இடைநிகழ்வு: அந்த ஓராண்டில் வானிலை, சாலையின் தரம், கார்களின் பாதுகாப்பு என்று வேறு ஏதேனும் மாறியிருக்கலாம்.

2. முதிர்வு: காலப்போக்கில் தானாகவே நடக்கும் மாற்றம். நோய் பற்றிய ஆய்வுகளில் இதுதான் பெரிய தொல்லை. கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறப்பு மருந்து எதுவும் இல்லாமலே தேறினார்கள். எனவே “கபசுரக் குடிநீர் குடித்தேன், குணமானேன்” என்பதும் “ஹைட்ராக்சிகுளோரோகுயின் போட்டேன், குணமானேன்” என்பதும் ஒரே தரத்துச் சாட்சியங்கள். மருந்தின் வேலையாகவும் இருக்கலாம், உடம்பின் வேலையாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல இந்த வடிவமைப்பிடம் கருவி இல்லை. மருந்து பயனற்றது என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

3. சோதனையின் தாக்கம்: முன்தேர்வு எழுதிய மாணவர் அந்தப் பழக்கத்தினாலேயே பின்தேர்வில் கூடுதலாக வாங்கலாம்.

4. அளவுகோல் மாற்றம்: பதிவு செய்யும் முறையோ கருவியோ திருத்துபவரோ இடையில் மாறுவது.

5. சராசரியை நோக்கித் திரும்புதல்.

ஐந்தாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அரசுத் திட்டங்களின் ‘வெற்றி’களில் அதிகம் ஒளிந்திருப்பது இதுதான். கேம்பலும் அவருடைய சக ஆய்வாளர் லாரன்ஸ் ராஸும் 1968-இல் கனெக்டிகட்டின் முந்தைய ஆண்டுகளின் எண்களையும் எடுத்து வரிசையாக வைத்தார்கள். இறப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்திருக்கிறது. 1955-இல் மட்டும் திடீர் உச்சம். அந்த உச்சத்தைக் கண்டு பதறித்தான் நடவடிக்கையே எடுத்தார்கள். உச்சத்துக்கு அடுத்த ஆண்டு எண் பொதுவாகக் கீழேதான் வரும், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும். விபத்து அதிகம் நடந்த சந்திப்பு, மதிப்பெண் மிகக் குறைந்த பள்ளி, சர்க்கரை அளவு மிக ஏறியிருந்த நோயாளி என்று மோசமான நிலையைப் பார்த்து ஆட்களைப் பொறுக்கி எடுக்கும் எந்த ஆய்விலும் இது வரும். இரு ஆண்டு எண்களை மட்டும் காட்டி ஒரு திட்டம் வென்றது என்று யாராவது சொன்னால், அதற்கு முந்தைய ஐந்தாண்டு எண்களைக் கேட்க வேண்டும்.

அந்த இருவரும் அண்டை மாநிலங்களின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இடையில் ஒரு நடவடிக்கை குறுக்கிட, முன்னும் பின்னும் பல ஆண்டுகள் அளந்து பார்ப்பது காலத்தொடர் வடிவமைப்பு. வேறு இடங்களின் தொடரையும் சேர்த்துக்கொண்டால் அது இன்னும் வலுப்பெறும். குலுக்கல் இல்லாததால் இதுவும் அரைச் சோதனைதான். ஆனாலும் இரண்டே எண்களை வைத்துக்கொண்டு பேசுவதைவிடப் பல மடங்கு மேல்.

## இரண்டு குழு இருக்கிறது, குலுக்கல் இல்லை

இதை விளங்கிக்கொள்ள 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த சால்க் போலியோ தடுப்பூசிக் களச்சோதனையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே தடுப்பூசி, ஒரே ஆண்டு, இரண்டு வெவ்வேறு வடிவமைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

முதல் திட்டப்படி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெற்றோர் சம்மதித்தவர்களுக்குத் தடுப்பூசி. ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டுப்பாட்டுக் குழு, அவர்களுக்கு எதுவும் கிடையாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பல பொதுச் சுகாதார அதிகாரிகள் இதை எதிர்த்தார்கள். அவர்களுடைய வற்புறுத்தலால் வேறு பகுதிகளில் இரண்டாவது திட்டம் நடந்தது: சம்மதித்த பிள்ளைகள் எல்லோரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும். எது எது என்று பிள்ளைக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது, பின்னால் நோயைக் கண்டறியும் மருத்துவருக்கும் தெரியாது. அந்த மருந்தில்லா ஊசிதான் பிளாசிபோ எனப்படும் மருந்துப்போலி.

ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்குப் போலியோ வந்தது என்ற கணக்கு இது.

குலுக்கல் நடந்த பகுதிகளில்:
– தடுப்பூசி பெற்றவர்கள்: 28
– மருந்துப்போலி பெற்றவர்கள்: 71
– சம்மதிக்காதவர்கள்: 46

வகுப்புவாரியாகப் பிரித்த பகுதிகளில்:
– தடுப்பூசி பெற்ற இரண்டாம் வகுப்பினர்: 25
– ஒன்றாம், மூன்றாம் வகுப்பினர்: 54
– சம்மதிக்காத இரண்டாம் வகுப்பினர்: 44

முதல் தொகுதியில் 71-ஐயும் 46-ஐயும் மட்டும் பாருங்கள். இரண்டு கூட்டத்துக்கும் தடுப்பூசி இல்லை. ஒரே பகுதி, ஒரே ஆண்டு. வித்தியாசம் ஒன்றே ஒன்று: ஒரு கூட்டத்தின் பெற்றோர் சம்மதித்தார்கள், மற்றதன் பெற்றோர் சம்மதிக்கவில்லை. அதற்குள் இத்தனை இடைவெளி எப்படி வந்தது?

சம்மதித்தவர்களில் வசதியான குடும்பங்கள் அதிகம். போலியோ விசித்திரமான நோய்; சுகாதாரம் மிகுந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் அது கூடுதலாக முடக்கியது. நெருக்கடியான, சுகாதாரம் குறைந்த இடங்களில் வளரும் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்போதே தொற்று லேசாக வந்துபோய்விடும். வசதியான வீட்டுக் குழந்தைக்கு அது தள்ளிப்போய், பாதுகாப்பு தீர்ந்த பிறகு வரும். ஆக, சம்மதம் என்பது வெறும் கையெழுத்தாக இல்லை. நோய் வரும் வாய்ப்பையே அது பிரித்துக் காட்டியது. இதுதான் தெரிவுச் சாய்வு என்ற அச்சுறுத்தல்.

வகுப்புவாரித் திட்டத்தில் தடுப்பூசிக் குழு முழுக்கச் சம்மதித்தவர்கள். கட்டுப்பாட்டுக் குழுவில் சம்மதிக்கக்கூடியவர்களும் மாட்டாதவர்களும் கலந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் குழுவின் எண் 71 அளவுக்குப் போகாமல் 54-இல் நின்றது. விளைவாக, தடுப்பூசியின் பலன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. குலுக்கல் பகுதிகளில் நோய் ஏறத்தாழ 61 சதவீதம் குறைந்தது. வகுப்புவாரிப் பகுதிகளில் 54 சதவீதம்.

சால்க் தடுப்பூசி வலுவானது என்பதால் இரண்டு திட்டத்திலும் தப்பித்தது. பலவீனமான தடுப்பூசியாக இருந்து, நோயைக் கால்பங்கு மட்டுமே குறைத்திருந்தால்? சம்மதித்தவர்களிடம் 71 என்பது 53 ஆகியிருக்கும். குலுக்கல் திட்டம் அந்தப் பலனைப் பிடித்திருக்கும். வகுப்புவாரித் திட்டத்திலோ 53-ஐ 54-உடன் ஒப்பிட்டு, தடுப்பூசியால் பயனே இல்லை என்று மூடி வைத்திருப்பார்கள். சாய்வு எப்போதும் மருந்துக்குச் சாதகமாகவே இருக்கும் என்று நினைப்பது தவறு. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததுதான் அதிலுள்ள ஆபத்து.

## குலுக்கல் செய்வதும் செய்யாததும்

வயது, வசதி, நோயின் தீவிரம் என்று நமக்குத் தெரிந்தவற்றைக் கணக்குப் போட்டுச் சமன்செய்துவிடலாம். தெரியாதவற்றை என்ன செய்வது? குலுக்கலின் பலம் அங்கேதான். ஆட்கள் போதுமான அளவு இருந்தால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒருசேர அது இரு பக்கமும் பரப்பிவிடும்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம் இதைக் காட்டியது. காசநோயாளிகளைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்ப்பதுதான் அன்றைய வழக்கம். வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. மருத்துவர்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கும் லேசானவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள், ஒப்பீடு கெட்டிருக்கும். அங்கே குலுக்கினார்கள். வீட்டுக்குப் போனவர்களுக்கு ஓய்வு குறைவு, சத்துணவு குறைவு, நெரிசல் அதிகம். ஓராண்டு முடிவில் குணம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வு உலக மருத்துவத்தை மாற்றியது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் குலுக்கிவிட்டாலே போதும் என்றும் இல்லை. குலுக்கிய பிறகு நுழையும் அச்சுறுத்தல்கள் உண்டு.

முதலாவது, இழப்பு. இடையில் யார் விலகினார்கள், ஏன் விலகினார்கள்? மார்செய் ஆய்வுக்கு இங்கே திரும்புவோம். அதில் குலுக்கலே இல்லை. வேறு மருத்துவமனைகளில் இருந்தவர்களும் மருந்தை மறுத்தவர்களும் கட்டுப்பாட்டுக் குழு ஆனார்கள். அதுவே தெரிவுச் சாய்வு. கட்டுப்பாட்டுக் குழுவில் சிலருக்குச் சில நாட்களில், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை செய்யப்படவே இல்லை. அது அளவீட்டுச் சிக்கல். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து பெற்றவர்கள் 26 பேர், கணக்கில் வந்தவர்கள் 20 பேர். விட்டுப்போன ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்தவர், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தியவர், ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போனவர். நிலைமை மோசமானவர்களை எடுத்துவிட்டு மிச்சமிருப்பவர்களைப் பார்த்தால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும். 20-இல் 14 பேர் என்பதால் 70 சதவீதம் வந்தது. ஆறு பேரையும் தோல்வியாகச் சேர்த்தால் 26-இல் 14, அதாவது ஏறத்தாழ 54 சதவீதம். இதனால்தான் நல்ல ஆய்வுகள், ஒருவரை எந்தக் குழுவில் போட்டார்களோ அந்தக் குழுவின் கணக்கிலேயே கடைசிவரை வைத்திருக்கும், அவர் மருந்தை முழுதாகச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

இரண்டாவது, யாருக்கு எது என்று தெரிந்துவிடுவது. வலி குறைந்ததா, சோர்வு நீங்கியதா என்பன போன்ற அளவீடுகளில் இது முடிவையே புரட்டிவிடும். ரெகவரி ஆய்வில் மருந்துப்போலி இல்லை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியும். ஆனாலும் அதை நம்பலாம், ஏனென்றால் அங்கே அளந்தது இறப்பு. அது அளப்பவரின் அபிப்பிராயத்தைச் சார்ந்ததில்லை. ஒரு குறை இருக்கிறது என்பதற்காக ஆய்வையே தள்ளிவிடக் கூடாது; அந்தக் குறை இந்த அளவீட்டைப் பாதிக்குமா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கலப்பு. ஒரே பள்ளியின் இரு வகுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் புதிய பாடமுறை கொடுத்தால், ஆசிரியர்கள் ஓய்வறையில் பேசிக்கொள்வார்கள். அடுத்த வகுப்புக்கும் அது கசியும். அதனால் கல்வி ஆய்வுகளில் பிள்ளைகளைக் குலுக்காமல் பள்ளிகளையே குலுக்குவது நல்லது.

முன்சோதனையே ஆட்களை மாற்றிவிடுகிறதோ என்ற சந்தேகம் வந்தால் சாலமன் நான்கு குழு வடிவமைப்பு கைகொடுக்கும். இரண்டு குழுவுக்கு முன்சோதனை வைத்து, இரண்டு குழுவுக்கு வைக்காமல் விட்டு, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மட்டும் சோதனை நடவடிக்கையைக் கொடுப்பது. ஆட்களும் செலவும் இரட்டிப்பாகும் என்பதால் நடைமுறையில் இதை அரிதாகவே பார்க்க முடியும். தேர்வில் கேட்பார்கள்.

## குலுக்க முடியாத இடத்தில்: காலை உணவுத் திட்டம்

யாரையும் குலுக்கிப் புகைபிடிக்க வைக்க முடியாது. ஒரு மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் குலுக்க முடியாது. அங்கெல்லாம் அரைச் சோதனைதான் வழி.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. முதல் கட்டப் பள்ளிகளில் வருகை கூடியிருக்கிறது என்றால் அது உணவின் பலனா? திட்டத்துக்கு முந்தைய மாதங்கள், கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து பிள்ளைகள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த காலம். உணவு இல்லாமலே வருகை ஏறியிருக்கக்கூடும். இது இடைநிகழ்வு. கல்வியாண்டின் தொடக்க மாதங்களையும் நடு மாதங்களையும் ஒப்பிட்டால் பருவ வேறுபாடும் கலந்துவிடும்.

விடை காண வழி இருந்தது, இன்னும் இருக்கிறது. 2022–23-இல் உணவு கிடைக்காமல், அடுத்த ஆண்டு கிடைத்த பள்ளிகளே இயல்பான ஒப்பீட்டுக் குழு. அவற்றில் அதே மாதங்களில் வருகை எவ்வளவு கூடியது என்று பார்த்து, முதல் கட்டப் பள்ளிகளின் கூடுதலிலிருந்து கழித்தால் மிஞ்சுவது உணவின் பங்குக்கு நெருக்கமாக வரும். இதற்கு வித்தியாசங்களின் வித்தியாசம் என்று பெயர். முதல் கட்டத்தில் மலைப்பகுதிப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் இருந்ததால் ஒவ்வொரு வகையையும் அதே வகையோடு ஒப்பிட வேண்டும். பசியோடு வரும் பிள்ளைக்குச் சோறு போடுவது சரியா என்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. வருகை எவ்வளவு கூடியது, கற்றல் கூடியதா, எந்தப் பகுதியில் அதிகம் என்று சொல்லத்தான் ஆய்வு வேண்டும். கட்டம் கட்டமாக விரியும் எந்தத் திட்டத்திலும் முதல் கட்டப் பள்ளிகளைக் குலுக்கிப் போட்டிருந்தால் செலவில்லாமல் உண்மையான சோதனையே நடந்திருக்கும். அடுத்த திட்டத்திலாவது அதைச் செய்யலாம்.

## அகம் சரி, புறம்? செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு

உள்ளே எந்தக் குறையும் இல்லாத ஆய்வும் வேறோர் ஊரில் பொருந்தாமல் போகலாம். இதற்கு உலகமே மேற்கோள் காட்டும் எடுத்துக்காட்டு நம் செங்கல்பட்டுதான்.

பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய சோதனையில், பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதிலிருந்த 54,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயிலிருந்து முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தந்தது. அந்த முடிவில் ஐயமில்லை. ஆனால் இந்தியாவில் அது எவ்வளவு காக்கும்? 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 2,60,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். டென்மார்க்கிலிருந்து ஒரு தடுப்பூசி வகை, பிரான்ஸிலிருந்து ஒரு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு, கூடவே மருந்துப்போலி. யாருக்கு எது என்று ஊசி போடுபவரும் போட்டுக்கொள்பவரும் அறியாதபடி நடந்தது. அளவிலும் கட்டுக்கோப்பிலும் அதற்கு இணையான பி.சி.ஜி. ஆய்வு அதற்கு முன் இல்லை.

ஏழரை ஆண்டு கழித்து வந்த முடிவு பலரை உலுக்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு இல்லை. 15 ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதே முடிவுதான். குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பலன் தெரிந்தது.

யார் சொன்னது பொய்? யாரும் இல்லை. இரண்டுமே நல்ல சோதனைகள். மாறியது இடமும் மக்களும். செங்கல்பட்டுப் பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் ஏராளம். அங்கே பெரும்பாலோர் சிறுவயதிலேயே அவற்றோடு பழகி, ஓரளவு எதிர்ப்பைப் பெற்றிருந்தார்கள். அதற்கு மேல் தடுப்பூசி சேர்க்க அதிகம் மிச்சமில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக பி.சி.ஜி.யின் பலன் கூடுவதும் அந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறது. தடுப்பூசி வகைகளின் வேறுபாட்டையும், ஏற்கெனவே தொற்று பரவலாக இருந்ததையும் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. ஆய்வுமுறை மொழியில் இது தெரிவும் நடவடிக்கையும் ஒன்றோடொன்று வினைபுரிவது: நடவடிக்கையின் பலன், அதைப் பெறுபவர் யார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இந்த அச்சுறுத்தலுக்குக் குலுக்கலிடம் மருந்தில்லை. வேறு இடத்தில், வேறு மக்களிடம் மறுபடியும் சோதித்துப் பார்ப்பது மட்டுமே வழி.

செங்கல்பட்டு முடிவுக்கும் ஓர் எல்லை உண்டு. ‘பி.சி.ஜி. பயனற்றது’ என்று அதைச் சுருக்கிச் சொல்பவர்கள், மார்செய் எண்ணை நம்பியவர்கள் செய்த அதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்கிறார்கள். அந்த ஆய்வு கேட்டது முக்கியமாக நுரையீரல் காசநோய் பற்றி. கைக்குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் காசநோய்க்கும் உடல் முழுக்கப் பரவும் காசநோய்க்கும் எதிராகத் தடுப்பூசி காக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு ஆய்வுகள் ‘ஆம்’ என்று விடை சொல்லியிருக்கின்றன. அதனால்தான் இன்றும் தமிழ்நாட்டின் மகப்பேறு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.